ஆள் சரி

மூட்டம் இந்த ஆண்டும் கிழக்கிலிருந்துதான் வந்தது. முதலில் மைதானத்தின் கோடியில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் உச்சி மறைந்தது. பிறகு மரங்கள் மறைந்தன. பிறகு தூத்துக்குடிக்காரர்களின் கோல் கம்பம். பந்து அப்போது நடுக்கோட்டுக்கு அருகில் எங்கோ இருந்தது. நடுவர் செல்வராசு நீளமாக ஒரு விசில் ஊதினார். ஓடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே ஈரப் புல்லில் உட்கார்ந்தார்கள்.

நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே, வழக்கமான மரப்பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் என் தம்பி சேவியரின் மனைவி ஜெசிந்தா, மடியில் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கை எனக்குத் தெரிந்தது. அவள் முகம் தெரியவில்லை.

ஆட்டம் நின்ற பிறகு, பெயர் சொல்லுதல் தொடங்குவதற்கு முன்னால், அந்த மைதானத்தில் சிறிது நேரம் ஓர் அமைதி நிலவும். மிதிபட்ட புல்லின் வாசனை எழும். யாராவது ஒருவர் இருமுவார். பல ஆண்டுகளாக அந்த அமைதியைக் கேட்டிருக்கிறேன். இந்த முறை அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதை விளக்க வேண்டுமானால் மலையை விட்டுக் கடலுக்குப் போக வேண்டும்.

கப்பல் வந்தால் ஆட்டம் இல்லை

தூத்துக்குடியின் விளையாட்டு வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்நியக் கப்பல்களின் மாலுமிகளிடமிருந்து தொடங்குவார்கள். கரையில் இறங்கிய மாலுமிகள் பந்தை உதைத்தார்கள், ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு தாங்களும் உதைத்தார்கள் என்று அந்தக் கதை போகும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வரலாறு கற்பித்துப் பிழைத்தவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தொடக்கத்தில் நிறைவு கிடையாது. பந்து கப்பலில் வந்திருக்கலாம். கழகங்கள் கப்பலில் வரவில்லை. அவை வேலையிலிருந்து வந்தன.

என் இளமையில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டாமல் கடலில் தள்ளியே நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை வாங்கிக்கொண்டு வரும். அந்தத் தோணிக்காரர்களுக்கு ஒரு கால்பந்துக் கழகம் இருந்தது. உப்பளக்காரர்களுக்கு ஒன்று. சரக்கு வைக்கும் கிட்டங்கிகளில் மூட்டை சுமந்தவர்களுக்கு ஒன்று. கப்பல் முகவர்களின் அலுவலகங்களில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்று. இந்தக் கடைசிக் கழகத்தார் மட்டும் பூட்ஸ் அணிந்து ஆடுவார்கள், பெரும்பாலும் தோற்பார்கள்.

கழகங்களுக்கு நீளமான பெயர்கள் இருந்தன. அவற்றை யாரும் சொன்னதில்லை. சட்டையின் நிறத்தைச் சொன்னால் போதும். எங்களுடையது ஊதா, அதாவது தோணிக்காரர்களின் கழகம். எங்கள் அப்பா அலுவலகத்தில் எழுதுபவர்தான் என்றாலும் நாங்கள் குடியிருந்தது தோணிக்காரர்களின் தெருவில். தெரு எதுவோ கழகமும் அதுவே. சேவியர் அந்தக் கழகத்தின் கோல்கீப்பர் ஆனான். எனக்குப் பந்தை நேராக உதைக்க வராது என்பதால் மைதானம் கேட்டு மனு எழுதும் வேலையைக் கொடுத்தார்கள்.

எந்தக் கழகம் எப்போது வலுவாக இருக்கும் என்பதைப் பயிற்சியைவிடப் பருவமே அதிகம் தீர்மானித்தது. மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடக்கும். கை ஓய்ந்த உப்பளக்காரர்கள் காலையும் மாலையும் ஆடி, யாராலும் வெல்ல முடியாதவர்களாகிவிடுவார்கள். கோடையில் அவர்களால் அளத்தை விட்டு அசைய முடியாது. அப்போது எங்கள் காலம். ஆனால் கப்பல் ஒன்று வந்து நின்றுவிட்டால் ஊதாச் சட்டைகளில் பாதி கடலில் இருக்கும்.

ஒருமுறை ஆட்டத்தின் நடுவிலேயே கப்பலின் ஊதல் கேட்டு, எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர்கள் இருவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு துறையை நோக்கி நடந்தார்கள். எதிரே ஆடிய உப்பளக்காரர்கள் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு வேறொரு நாள் வருவதாகச் சொல்லிப் போனார்கள். ஆள் குறைந்தால் ஆட்டம் இல்லை. இதை எந்தச் சங்கமும் தீர்மானமாக நிறைவேற்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மைதானம் உப்புப் பூத்த மணல். நண்பகலில் கண் கூசும். கோல் வலை கிழிந்த மீன்வலையில் தைத்தது, வெயில் ஏறினால் நாறும். பூனைகள் வந்து கம்பத்தடியில் படுத்துக்கொள்ளும். சேவியர் அவற்றைக் காலால் மெல்ல நகர்த்திவிட்டுத்தான் கையுறையை மாட்டுவான்.

மலையேறிய ஊதாச் சட்டைகள்

நான் கொடைக்கானலுக்கு ஆசிரியப் பணியில் வந்தேன். மணம் செய்துகொள்ளவில்லை. வில்பட்டிச் சாலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

ஒரு கோடையில் என்னைப் பார்க்க வந்த சேவியர், மாலை நடையில் இந்த மைதானத்தைக் கண்டுபிடித்தான். வில்பட்டியில் கேரட்டும் பூண்டும் பயிரிடுபவர்கள், விடுதிகளில் வேலை செய்பவர்கள், வட்டக்கானல் ஜீப் ஓட்டுநர்கள் எல்லோரும் கலந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவன் வெளியே நின்று வெகுநேரம் பார்த்தான். பிறகு கடலோரத்தில் ஆடுகிறவர்களோடு அடுத்த கோடையில் ஓர் ஆட்டம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அவர்கள் அன்றே சரி என்றார்கள். கேட்டவன் யார், எந்த அணி என்று யாரும் விசாரிக்கவில்லை.

மறு ஆண்டு ஒரு வேனில் வந்து சேர்ந்தார்கள். நேர்வழியை விட்டுப் பண்ணைக்காடு வழியாகச் சுற்றி வந்திருந்தார்கள். காரணம், அங்கே சாலையோரத்தில் விற்கும் மலைவாழைப்பழம் சேவியருக்குப் பிடித்துவிட்டது. என் வீட்டின் கூடத்தில் வரிசையாகப் படுத்தார்கள். என்னிடம் இருந்த கம்பளிகள் போதவில்லை. புத்தக அலமாரியின் திரைச்சீலையைக்கூட யாரோ இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

கொதிக்கும் மணலில் நாள் முழுவதும் ஓடக்கூடியவர்கள் இங்கே சிறிது நேரத்திலேயே இடுப்பில் கைவைத்து நின்றார்கள். கால்விரல்கள் மரத்துப்போயின. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து அவர்கள் எதிர்பார்த்ததைவிடத் தொலைவு பறந்தது. சேவியர் பந்தைப் பிடிப்பதற்காக முன்னால் வருவான், அது அவன் தலைக்கு மேலே போய் வலையில் விழும். ஒருமுறை அவன் கீழே விழுந்து எழுந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தூத்துக்குடிக்காரரு முத்துக் குளிக்க எறங்கிட்டாருப்பா."

கூட்டம் சிரித்தது. சேவியரும் சிரித்தான். அந்தக் கேலி பல ஆண்டுகள் அவனோடு இருந்தது.

பஜ்ஜிக் கடை

அந்த முதல் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில்தான் மூட்டம் இறங்கியது. இங்கே மூடுபனியை மூட்டம் என்றே சொல்வார்கள். மலைக்காரர்கள் உடனே உட்கார்ந்துவிட்டார்கள். தோட்டத்திலும் அவர்கள் செய்வது அதுதான். மூட்டத்துக்குள் நடந்தால் வரப்பு மாறிவிடும் என்பதால், விலகும்வரை இருந்த இடத்தில் இருப்பார்கள். ஆட்டத்திலும் இது நியாயமாக அமைந்தது. யாரும் நகராததால் யாருக்கும் லாபம் இல்லை.

தூத்துக்குடி அணிக்கு இது தெரியாது. அதன் தலைவர் தோணியில் தண்டலாக இருந்தவர். தோணியை நடத்துபவரைத் தண்டல் என்பார்கள். தம் ஆட்கள் கண்ணில் படாமல் போனதும், கடலில் செய்வதையே அவர் இங்கேயும் செய்தார். ஆள் கேட்டார்.

இதைச் சற்று விளக்க வேண்டும். கடலில் இருட்டோ மழையோ மறைத்துவிட்டால் தண்டல் குரல் கொடுப்பார். ஒவ்வொருவரும் தாம் இருக்கும் இடத்திலிருந்து தம் பெயரைச் சொல்ல வேண்டும். எல்லாப் பெயரும் வந்த பிறகு தண்டல் "ஆள் சரி" என்பார். அதன் பிறகுதான் மற்ற வேலை. ஒருவருக்காக மற்றொருவர் பெயர் சொல்லக் கூடாது. தவறி விழுந்தவனின் பெயரைப் பக்கத்திலிருப்பவன் சோம்பலில் சொல்லிவிட்டால் அவனை யாரும் தேடமாட்டார்கள். காரணம் அவ்வளவுதான்.

அன்று மூட்டத்துக்குள் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சேவியரின் பெயர் மட்டும் வரவில்லை. தலைவர் மறுபடியும் கேட்டார். வரவில்லை. அவர் "ஆள் சரி" என்று சொல்லவில்லை.

மூட்டம் மெலிந்தபோது கோல் காலியாக இருந்தது. பந்து மலை அணியின் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவரின் காலடியில் இருந்தது. அப்போது இளைஞராக இருந்த செல்வராசுதான் அவர். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் கோல். அவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து சேவியரைத் தேடப் போனார்.

சாலைக்கு அப்பால் ஒரு டீக்கடையில், அடுப்புக்குப் பக்கத்தில், கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சேவியர் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். இரண்டு அணியும் வாசலில் வந்து நின்றதைப் பார்த்து அவன் கேட்டான்.

"மேச்சு முடிஞ்சிருச்சுல்லா?"

"ஏலே, ஊரே ஒன்னியத் தேடுது. நீ இங்கன இருந்து பஜ்ஜி திங்கியா?" என்றார் தண்டல்.

அந்த ஆட்டம் அத்துடன் நின்றது. எல்லோரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். கடைக்காரரிடம் கடலைமாவு தீர்ந்துபோனது.

மறு ஆண்டிலிருந்து இரண்டும் விதியாயின. மூட்டம் இறங்கினால் இருந்த இடத்தில் உட்கார வேண்டும், இது மலையின் வழக்கம். உட்கார்ந்தவர்கள் பெயர் சொல்ல வேண்டும், இது கடலின் வழக்கம். "ஆள் சரி" என்று சொல்வது நடுவரின் பொறுப்பு. தொலைந்தவன் சேவியர் என்பதால் பெயர் சொல்லுதலைத் தொடங்கும் தண்டனை அவனுக்குக் கிடைத்தது. அவன் அதைப் பட்டம் போல வைத்துக்கொண்டான்.

குரல் ஓரிடம், ஆள் ஓரிடம்

விதி வந்த பிறகு அதை ஏய்ப்பவர்களும் வந்தார்கள். வட்டக்கானல் ஜீப் ஓட்டுநர் ஒருவர், கெட்டிக்கார ஆட்டக்காரர், ஒருமுறை மூட்டத்துக்குள் பந்தோடு தவழ்ந்து தூத்துக்குடி கோலுக்கு அருகிலேயே போய்விட்டார். தம் முறை வந்தபோது முகத்தைப் பின்னால் திருப்பி, வாயைக் கையால் குவித்து, தொலைவிலிருந்து கேட்பது போலப் பெயரைச் சொன்னார். நடுவரும் ஏமாந்தார்.

சேவியர் ஏமாறவில்லை. அவருடைய பீடி வாசனை அவனுக்கு முன்பே வந்துவிட்டது.

"என்னலே, கொரலு அங்கன கேக்கு, ஆளு இங்கன இருக்கே?" என்று மெதுவாகக் கேட்டான். பிறகு சட்டைப்பையிலிருந்த வேர்க்கடலையில் பாதியை அவரிடம் நீட்டினான்.

மூட்டம் விலகியபோது இருவரும் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். மலை அணியே அவரைத் திட்டி நடுக்கோட்டுக்குத் திருப்பி அனுப்பியது. அந்த ஓட்டுநர் சாகும்வரை சேவியருக்கு ஒவ்வொரு கோடையிலும் ஏரியைச் சுற்றி ஓர் இலவசச் சவாரி கொடுத்துவந்தார்.

கரை

துறைமுக அணிகள் எல்லைக்கோட்டைக் கரை என்று சொல்லும். கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள் கரையில் இருப்பவர்கள். மூட்டம் அவர்களையும் மறைக்கிறது என்பதால் ஆட்டக்காரர்கள் முடித்ததும் கரையும் பெயர் சொல்ல வேண்டும். வேன் ஓட்டுநர், தண்ணீர் கொடுப்பவர், பிறகு நான்.

முதல் முறை என் முறை வந்தபோது நான் சொல்லவில்லை. வகுப்பறைக்கு வெளியே குரலை உயர்த்திப் பழகாதவன். பொதுவெளியில் என் பெயரை நானே கூவுவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. அதற்குள் கோல் பக்கத்திலிருந்து சேவியரின் குரல் வந்துவிட்டது.

"அண்ணன் கரையில இருக்காக."

மறு ஆண்டும் அவனே சொன்னான். அதற்கு மறு ஆண்டும். ஒருவருக்காக மற்றொருவர் சொல்லக் கூடாது என்ற விதிக்கு இது நேர் எதிரானது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. காலப்போக்கில் அந்த வரி பெயர் சொல்லுதலின் முடிவாகவே ஆகிவிட்டது. செல்வராசு ஆடுவதை நிறுத்தி நடுவரான பிறகு, அந்த வரிக்காகக் காத்திருந்துதான் "ஆள் சரி" என்பார்.

சேவியருக்கு முழங்கால் விட்டுப்போனது. கோலில் வேறு ஆட்கள் நின்றார்கள். கம்பத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவன் அணியைப் பார்த்துக்கொண்டான். அப்போதும் முதல் பெயர் அந்த நாற்காலியிலிருந்துதான் வரும். கடைசி வரியும்.

மலையில் என்னைச் சார் என்று அழைப்பார்கள். பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடருக்கு மேலே அச்சாவது முதலெழுத்துகளோடு கூடிய அலுவல் பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி அழைத்தவர்கள் என் பெற்றோர் மட்டுமே.

ஜெசிந்தா கேட்டது

சேவியர் சென்ற ஐப்பசியில் இறந்தான். இதயம் நின்றுவிட்டது. இதை இந்தத் தொடரில் நான் இதுவரை எழுதவில்லை. எழுதுவதற்கான இடம் வரவில்லை.

செய்தி வந்தபோது இங்கே கடும் மழை. மலைப்பாதையில் பாறை சரிந்து கிடந்தது. வரிசையில் நின்ற வண்டிகளில் ஒன்றில் நான் இருந்தேன். வெகுநேரம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஒரு லாரியின் பின்பக்கம். நான் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

சித்திரையில் லூர்து தொலைபேசியில் அழைத்தான். சேவியருக்கு முன்னால் நின்று தடுத்தாடிய பழைய ஆட்டக்காரன், இப்போது கழகத்தின் செயலாளர். இந்த ஆண்டு வரவேண்டுமா என்று பையன்கள் கேட்பதாகச் சொன்னான். வாருங்கள் என்றேன். வேனிலிருந்து முதலில் இறங்கியது ஜெசிந்தா. இத்தனை ஆண்டுகளில் அவள் ஒருமுறைகூட மலைக்கு வந்ததில்லை. இது ஆண்களின் பயணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம். பண்ணைக்காட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பழம் வாங்கியிருந்தாள்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை, பையன்கள் ஏரியைப் பார்க்கப் போயிருந்தார்கள். ஜெசிந்தா என் சமையலறையில் கொண்டுவந்த கருவாட்டைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். லூர்து வாசற்படியருகில் நின்று தயங்கினான்.

"அண்ணே, எல்லாரும் ஒண்ணு யோசிச்சிருக்கோம். நாளைக்கு மூட்டம் எறங்குச்சுன்னா மொதப் பேரு சேவியர் அண்ணன் பேராச் சொல்லிருவோம். கீப்பர் பிரவீன் சொல்லுவான். ஒங்க சம்மதம் வேணும்."

நான் வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். பெயர் சொல்லுதல் ஒரு மனிதன் எங்கே இருக்கிறான் என்று அறிவதற்காக. அந்தப் பெயரை வேறொருவன் சொன்னால் அது பொய். யாரும் பதில் சொல்லாமல் பெயரை மட்டும் அழைத்தால், விதிப்படி ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை ஆட்டம் தொடரக் கூடாது. எந்த வழியில் போனாலும் செல்வராசுவால் உண்மையாக "ஆள் சரி" என்று சொல்ல முடியாது. நினைவுகூர வேண்டுமானால் ஆட்டத்துக்கு முன்னால் மௌனமாக நிற்கலாம் என்றேன். மாணவர்களிடம் பேசுவது போலத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

லூர்து தலையாட்டினான். ஜெசிந்தா அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"அவுக ஒங்களுக்காகச் சொல்லலையா அத்தான்? எத்தன வருசமாச் சொன்னாக."

நான் அங்கே இருந்தேன், ஆகவே அது பொய்யில்லை என்றேன்.

"கோயில்ல எல்லாரும் கேட்டாக, அண்ணன் எங்கன்னு. வந்துக்கிட்டு இருக்காகன்னு நாந்தான் சொன்னேன். பெட்டிய எறக்குற வரைக்கும் அதயே சொல்லிக்கிட்டு நின்னேன். அன்னைக்கு நீங்க அங்க இல்லல்லா?"

அவள் குரலில் கோபம் இல்லை. அகப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அந்த எடத்துல அவுக பேரு கேக்கணும்னுதான் வந்தேன். இந்த மலையில எனக்கு வேற என்ன சோலி? சரி, நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும்."

பிறகு தட்டு எடுத்து வைத்தாள். குழம்பு நன்றாக இருந்தது. முடிவை நான் மாற்றவில்லை.

மீண்டும் மூட்டத்துக்குள்

மறுநாள் செல்வராசு வில்பட்டியிலிருந்து முன்பே வந்துவிட்டார். தோட்டத்து மண் ஒட்டிய காலணியை மாற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"லூர்து சொன்னாரு சார். நீங்க சொல்றது நாயந்தான்." சிறிது நேரம் காலணிக் கயிற்றைப் பார்த்தார். "மூட்டம் கெழக்க கெடக்கு. வெள்ளனே ஆரம்பிச்சிருவோங்க."

ஆட்டத்துக்கு முன்னால் மௌனமாக நின்றோம். தூத்துக்குடி கோல் கம்பத்துக்குப் பின்னால் யாரோ பழக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவைத்திருந்தார்கள். அதில் யாரும் உட்காரவில்லை. எடுத்துவிடவும் இல்லை. சற்று நேரத்தில் அதன் மேல் தண்ணீர்ப் புட்டிகள் நிறைந்த ஒரு பை வந்து அமர்ந்தது. ஜெசிந்தா எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டாள். கரையில் என் பக்கத்தில் இடம் காட்டினேன். அவள் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. துறைமுகப் பையன்கள் இப்போது பூட்ஸ் அணிந்து ஆடுகிறார்கள், பந்தின் போக்கும் அவர்களுக்குப் பழகிவிட்டது. பிரவீன் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவன், நெடியவன். அவன் தலைக்கு மேலே போன ஒரு பந்தை எட்டித் தட்டிவிட்டபோது செல்வராசுவே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தலையசைத்தார்.

இரண்டாம் பாதியில், தொடக்கத்தில் நான் சொன்ன மூட்டம் வந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரோ இருமினார்கள்.

அமைதி வழக்கத்தைவிட நீண்டது. கோல் பக்கத்தில் அந்தப் பையன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரியாது. ஜெசிந்தாவும் அவன் குரலுக்காகவே காத்திருந்தாள். வாழைச்சீப்பில் அவள் விரல்கள் நகர்வது நின்றுவிட்டது.

"பிரவீன். கோல்."

அவன் தன் பெயரைத்தான் சொன்னான். அதற்கடுத்து அடுத்த பெயர் வந்தது. அதற்கடுத்தது. மூட்டத்துக்குள் பெயர்கள் மெல்ல மேற்குப் பக்கம் நகர்ந்தன. மலை அணியின் கோல்கீப்பர் தன் பெயரைச் சொல்லி முடித்தார். பிறகு கரை. லூர்து சொன்னான். வேன் ஓட்டுநர் சொன்னார்.

பக்கத்தில் ஜெசிந்தா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அவள் கணவன் பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"ஜெசிந்தா. கரை."

அவ்வளவுதான் சொன்னாள். வெண்மைக்குள் அது சிறிய குரலாக இருந்தது.

அடுத்தது என் முறை. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வரி வரவேண்டிய இடம் அது. வரவில்லை. மைதானம் முழுவதும் காத்திருந்தது. செல்வராசு விசிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது எனக்குத் தெரியும். பழக்கத்தில் நானும் காத்திருந்தேன். எதற்காக என்று பிறகுதான் உறைத்தது.

நான் எழுந்து நின்றேன்.

"இன்னாசி," என்றேன். "கரை."

நான் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்தது. அந்தப் பெயரை என் வாயால் கடைசியாக எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. மைதானத்தில் இருந்தவர்களில் ஜெசிந்தாவைத் தவிர யாரும் அதைக் கேட்டதில்லை. நடுவிலிருந்து செல்வராசு கேட்டார்.

"கரையில யாருங்க அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா சொல்லிவிட்டாள்.

"எங்க அத்தானுங்க. வந்துட்டாக."

மூட்டத்துக்குள்ளிருந்து செல்வராசுவின் குரல் வந்தது.

"ஆள் சரி."